பிஎச்பி அரேயிலிருந்து நான்கு ஊரை எடுத்தால் குடியாத்தமும் சேர்ந்து காணாமல் போவது ஏன்?

தம்பி, உன் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் கதை தெரியவேண்டும் அல்லவா. வேலூரில் ஒரு பார்சல் ஆபீஸுக்கு நீ பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழியில் புக்கிங் ஃபார்ம் எழுதியிருக்கிறாய். ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு டிராப்டவுன், அதற்குப் பின்னால் ஓர் அரே (பல மதிப்புகளை ஒன்றாக வைத்திருக்கிற பட்டியல்), அதில் வரிசையாக வேலூர், ஆம்பூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம், சோளிங்கர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எட்டு ஊர். இது 2019-க்கு முந்தைய பழைய மாவட்டக் கணக்கு. இப்போது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடும் சோளிங்கரும் ராணிப்பேட்டை மாவட்டம், அதனால் இந்த நான்கையும் எடுத்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஓர் உறுப்பை அழிக்கிற அன்செட்டைப் போட்டு எடுத்தாய். டிராப்டவுனில் குடியாத்தமும் பேரணாம்பட்டும் சேர்ந்து போய்விட்டன, மேலே இரண்டு வார்னிங் வேறு. சரி என்று, அரேயில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கிற அரே_ஸ்ப்ளைஸுக்கு மாறினாய். வாணியம்பாடி மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதாக, உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற ஃபார்ஈச் லூப்புக்குள் அன்செட் போட்டாய், பக்கம் சரியாக வந்தது, ஆனால் அதே அரேயை ஜேசனாக (ஜாவாஸ்கிரிப்டுக்குப் புரிகிற எழுத்து வடிவமாக) அனுப்பினால் பிரவுசர் கன்சோலில் 'மேப் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்று சிவப்பு எழுத்து.

மூன்றும் தனித்தனிக் கோளாறு மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். பிஎச்பியில் அரே என்பது நீ நினைக்கிற மாதிரி வரிசைப்பெட்டி இல்லை. பிளஸ் டூவில் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருந்தால் இன்டெக்ஸ்டு அரே, அசோசியேட்டிவ் அரே, பல பரிமாண அரே என்று மூன்று வகையை மனப்பாடம் பண்ணியிருப்பாய். பரீட்சைக்கு அது சரி. மொழிக்கு உள்ளே ஒரே வகைதான்: கீ ஒன்று, அதற்கு மதிப்பு ஒன்று, போட்ட வரிசையும் ஞாபகம் இருக்கும். நீ கீ எதுவும் கொடுக்காவிட்டால் பிஎச்பி 0, 1, 2 என்று தானே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒட்டின பிறகு அந்த எண் இடத்தின் எண் இல்லை, அந்த மதிப்பின் கீ. காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகிற ரயிலில் 12-ஆம் சீட்காரர் அரக்கோணத்தில் இறங்கிவிட்டால் 13-ஆம் சீட் 12 ஆகிவிடுமா? 12 காலி, 13 அதே 13. அன்செட் செய்வதும் அதைத்தான்.

(ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள். வேரியபிள் பெயருக்கு அந்தக் கவலை இல்லை, $ஊர்கள் என்று தமிழிலேயே வைத்தாலும் பிஎச்பி முகம் சுளிக்காது.)

முதல் முயற்சியைப் பார்ப்போம். அன்செட்($ஊர்கள்[1]), அப்புறம் 3, 5, 6. மிச்சம் இருப்பது 0-வில் வேலூர், 2-ல் காட்பாடி, 4-ல் குடியாத்தம், 7-ல் பேரணாம்பட்டு. கவுண்ட் கேட்டால் 4 என்று சொல்லும், அது பொய் இல்லை. ஆனால் உன் ஃபார் லூப் 0-விலிருந்து 3 வரை போகிறது. 0-வில் வேலூர் கிடைத்தது, 1-ல் ஒன்றும் இல்லை, வார்னிங். 2-ல் காட்பாடி, 3-ல் மறுபடி வார்னிங், லூப் முடிந்தது. 4-ஐயும் 7-ஐயும் யாரும் போய்ப் பார்க்கவே இல்லை. பிஎச்பி 8-ல் இது வார்னிங், 7-ல் வெறும் நோட்டீஸ். பல ஹோஸ்டிங்கில் இவற்றைத் திரையில் காட்டாமல் அணைத்து வைத்திருப்பார்கள், அங்கே ஏற்றியிருந்தால் எந்தச் சத்தமும் இல்லாமல் இரண்டு ஊர் போயிருக்கும், குடியாத்தத்துக்கு பார்சல் போடவந்த யாராவது கத்தும்போதுதான் தெரிந்திருக்கும். உன் மெஷினில் வார்னிங் வந்தது நல்லதுதான், அதை மூடுகிற வழியைத் தேடாதே.

இதற்குச் சின்ன மருந்து, லூப்பை ஃபார்ஈச்சாக மாற்றுவது. இருக்கிற கீக்களில் மட்டும் அது நடக்கும், இடையில் காலி இருந்தால் அதற்குக் கவலையே இல்லை. கீ எண்ணை நம்பி ஃபார் லூப் எழுதுவது சி, ஜாவாவிலிருந்து வருகிறவர்களின் பழக்கம். பிஎச்பியில் அதற்கு அவசியமே அபூர்வம்.

இரண்டாவது முயற்சிதான் சுவாரசியமானது. அரே_ஸ்ப்ளைஸ் அன்செட் மாதிரி இல்லை, எடுத்த கையோடு எண் கீக்களை 0-விலிருந்து மறுபடி ஒட்டிவிடும். அப்படியானால் அது நல்லதுதானே என்று தோன்றும். நீ அதை லூப்புக்குள்ளே, முன்னோக்கிப் போகும்போதே செய்ததில்தான் வினை. லூப் எண்ணான $ஐ 1 ஆக இருக்கும்போது ஆம்பூர் போகிறது, உடனே காட்பாடி 1-க்கு நகர்கிறது, லூப்போ 2-க்குப் போய்விடுகிறது. காட்பாடியை யாருமே சோதிக்கவில்லை. 2-ல் இப்போது ஆற்காடு, அதை எடுத்தாய், குடியாத்தம் 2-க்கு வந்தது, அதையும் யாரும் பார்க்கவில்லை. 3-ல் சோளிங்கர், எடுத்தாய், வாணியம்பாடி 3-க்கு வந்தது, லூப் 4-க்குப் போய் பேரணாம்பட்டைப் பார்த்து முடிந்துவிட்டது. காட்பாடியும் குடியாத்தமும் எப்படியும் இருக்கவேண்டியவை என்பதால் அங்கே தப்பு நடந்தது உனக்குத் தெரியவில்லை. எடுக்கவேண்டிய இரண்டு ஊர் அடுத்தடுத்து நின்றது சோளிங்கர், வாணியம்பாடியில் மட்டும்தான், அதனால் அங்கே மட்டும் வெளியே வந்தது. டெஸ்ட் டேட்டாவில் அப்படி ஒரு ஜோடி இல்லாமல் இருந்திருந்தால் 'ஓடுகிறது' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருப்பாய். லூப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினால் இது சரியாகும், ஏனென்றால் நகர்கிறவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவை. ஆனாலும் உன் வேலைக்கு நான் ஸ்ப்ளைஸைச் சொல்லமாட்டேன்.

ஸ்ப்ளைஸ் பற்றி இன்னும் மூன்று விஷயம் தெரிந்துகொள், எல்லாரும் ஒரு தடவையாவது இடித்துக்கொள்கிற இடங்கள். மூன்றாவது மதிப்பாக எத்தனை எடுக்கவேண்டும் என்பதைக் கொடுக்காவிட்டால் அங்கிருந்து கடைசி வரை வழித்துவிடும். அரே_ஸ்ப்ளைஸ்($ஊர்கள், 1) என்று மட்டும் எழுதினால் வேலூர் ஒன்றுதான் மிஞ்சும். அது திருப்பித் தருவது மிச்சத்தை அல்ல, எடுத்ததை; ஆகவே $ஊர்கள் = அரே_ஸ்ப்ளைஸ்(...) என்று எழுதினால் வேண்டாதவை கையில் இருக்கும், வேண்டியவை போயிருக்கும். அப்புறம் அதற்குக் கொடுக்கிற எண் கீ இல்லை, எத்தனையாவது இடம் என்பது. முதலில் அன்செட், பிறகு ஸ்ப்ளைஸ் என்று இரண்டையும் கலந்தால் ஒன்று கீயைப் பார்க்கும், இன்னொன்று இடத்தைப் பார்க்கும், எது போனது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். ஒரே எழுத்து வித்தியாசத்தில் அரே_ஸ்லைஸ் என்று ஒன்று இருக்கிறது, அது மூல அரேயைத் தொடாது, வெட்டின பகுதியை மட்டும் தரும்.

மூன்றாவது, ஜேசன் சமாச்சாரம். ஃபார்ஈச்சுக்குள் கீயோடு எடுத்து அன்செட்($ஊர்கள்[$கீ]) என்று போட்டது தவறே இல்லை. மதிப்பை நகலாக எடுத்து ஓடுகிற ஃபார்ஈச் நடக்கும்போது மூல அரேயிலிருந்து எடுத்தாலும் லூப் தடுமாறாது. (சிலர் அன்செட்($ஊர்) என்று மதிப்பு வேரியபிளை மட்டும் அழித்துவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். அது நகல், அரேக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது.) பிரச்சினை அடுத்த படியில். ஜேசன்_என்கோட் ஓர் அரேயைப் பார்க்கும்போது கீக்கள் 0, 1, 2 என்று இடைவெளி இல்லாமல் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இருந்தால் சதுர அடைப்பில் லிஸ்ட், இல்லாவிட்டால் நெளி அடைப்பில் ஆப்ஜெக்ட். உன்னுடையது 0, 2, 4, 7. ஆகவே ஆப்ஜெக்ட். ஜாவாஸ்கிரிப்டில் ஆப்ஜெக்டுக்கு மேப் கிடையாது, அதுதான் கன்சோலில் அழுகிறது. இதில் இன்னொரு குசும்பு உண்டு: கடைசி ஊரான பேரணாம்பட்டை மட்டும் எடுத்திருந்தால் 0 முதல் 6 வரை இடைவெளி விழாது, லிஸ்டாகவே போயிருக்கும், எல்லாம் நன்றாக ஓடும். ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாமல் போகிற ஏபிஐ என்று மொபைல் ஆப் எழுதுகிறவர்கள் புலம்புவதில் பல இந்த ரகம்.

மருந்து அரே_வேல்யூஸ். மதிப்புகளை மட்டும் எடுத்து 0-விலிருந்து புதிதாகக் கீ ஒட்டித் தரும். பிஎச்பி 8.1-லிருந்து அரே_இஸ்_லிஸ்ட் என்று ஒரு ஃபங்ஷனும் இருக்கிறது, வெளியே அனுப்புமுன் சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக, உன் வேலைக்கு லூப்பே வேண்டாம். இரண்டு வரி:

$நீக்க = ['ஆம்பூர்', 'ஆற்காடு', 'சோளிங்கர்', 'வாணியம்பாடி'];
$ஊர்கள் = அரே_வேல்யூஸ்(அரே_டிஃப்($ஊர்கள், $நீக்க));

அரே_டிஃப் முதல் அரேயில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றைத் தருகிறது, பழைய கீக்களோடு. அதனால்தான் வெளியே வேல்யூஸ் போர்த்தியிருக்கிறேன். ஒரே ஊர் இரண்டு முறை இருந்தாலும் இரண்டும் போகும். அது ஒப்பிடுவது ஸ்ட்ரிங்காக மாற்றித்தான், எனவே எண் 5-உம் '5' என்ற எழுத்தும் அதற்கு ஒன்று. அரேக்குள் அரே இருந்தால் இதைத் தொடாதே.

இந்த இடத்தில் தமிழில் டேட்டா வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை. நீக்கவேண்டிய பட்டியல் நீ கையால் அடித்ததாக இல்லாமல் ஆபீஸில் யாரோ கொடுத்த எக்செல் ஃபைலிலிருந்து வந்தால், மற்ற மூன்றும் போய் சோளிங்கர் மட்டும் போகாமல் நிற்கலாம். கண்ணுக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்று. காரணம் 'சோ'. அதிலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தெண்ணாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் பைட்டுகள் வேறு, பிஎச்பி பார்ப்பது பைட்டை. பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றின கோப்புகளில் இரண்டாவது வகை வரலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இது பொருந்தும். ஆம்பூர், ஆற்காடு, வாணியம்பாடியில் அந்தக் குறிகள் இல்லாததால் அவை தப்பித்துவிடுகின்றன. பிஎச்பியின் இன்ட்ல் எக்ஸ்டென்ஷனில் இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குகிற நார்மலைசர் என்ற கிளாஸ் இருக்கிறது, அதன் நார்மலைஸ் வழியாக இரண்டு பட்டியலையும் ஓட்டிவிட்டு, ட்ரிம்மும் போட்டு (எக்செல்லில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் இல்லாவிட்டால்தான் அதிசயம்), பிறகு டிஃப் எடு. உன் மெஷினில் பிஎச்பியை ஓட்டுவது சாம்ப் என்ற தொகுப்பாக இருந்து, அதில் இன்ட்ல் அணைந்திருந்தால் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலில் அந்த வரியின் முன்னால் இருக்கிற அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை மறுபடி ஸ்டார்ட் பண்ணு. எனக்குத் தோன்றுவது, இந்தச் சுத்தம் செய்கிற வேலையை நீக்கும்போது அல்ல, டேட்டா உள்ளே வருகிற வாசலிலேயே செய்துவிடவேண்டும்.

பெயரை வைத்து ஒன்றே ஒன்றை எடுக்க நிறைய பேர் அரே_சர்ச்சில் கீயைக் கண்டுபிடித்து அன்செட் பண்ணுவார்கள். செய்யலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செய். தேடினது கிடைக்காவிட்டால் சர்ச் ஃபால்ஸ் தரும். அதை அப்படியே அன்செட்டுக்குள் போட்டால் பிஎச்பி ஃபால்ஸை 0 என்று எடுத்துக்கொள்ளும். நீ ஆம்பூருக்குப் பதில் 'ஆம்பூர' என்று புள்ளி விட்டு அடித்திருந்தால் பட்டியலிலிருந்து வேலூரே போய்விடும், எந்த வார்னிங்கும் இல்லாமல்! சரி என்று வெறுமனே இஃப்($கீ) என்று சோதித்தால் எதிர்ப்பக்கம் உதைக்கும்: வேலூரை நிஜமாகவே எடுக்கவேண்டிய நாளில் கீ 0 வரும், 0 என்பது இஃபுக்குப் பொய், எடுக்காது. ஃபால்ஸ் அல்ல என்பதை ஆச்சரியக்குறியும் இரண்டு சமக்குறியும் போட்ட கறாரான ஒப்பீட்டில்தான் சோதிக்கவேண்டும். சர்ச்சுக்கு மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அது தளர்வாக ஒப்பிடும். பிஎச்பி 7 வரை 0-உம் 'வேலூர்' என்ற எழுத்தும் தளர்வான ஒப்பீட்டில் சமம். 8-ல் அதைத் திருத்திவிட்டார்கள், ஆனால் பழைய சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நிபந்தனை வைத்து எடுக்கவேண்டுமென்றால் அரே_ஃபில்டர். உன் ஊர் ஒவ்வொன்றும் பெயர், மாவட்டம், கட்டணம் என்று ஒரு குட்டி அரேயாக இருந்தால் மாவட்டம் வேலூர் என்று இருப்பதை வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதலாம், 7.4 முதல் ஆரோ ஃபங்ஷன் இருப்பதால் இன்னும் சுருக்கம். இதுவும் பழைய கீயை விடாது, ஜேசனுக்குப் போகிறதென்றால் வேல்யூஸ் வேண்டும். நிபந்தனை எதுவும் கொடுக்காமல் அரே_ஃபில்டர்($எதையோ) என்று மட்டும் எழுதினால் வெற்று மதிப்புகளை எல்லாம் தூக்கிவிடும், காலி ஃபீல்டுகளைக் கழிக்க வசதி என்று நினைத்துப் பலர் எழுதுவது. ஆனால் பிஎச்பிக்கு '0' என்ற எழுத்தும் வெற்றுதான். ஃபார்மிலிருந்து வருகிற எல்லாம் ஸ்ட்ரிங், டெலிவரி கட்டணம் 0 என்று ஒருவர் போட்டிருந்தால் அந்த ஃபீல்டே போய்விடும், அப்புறம் பில்லில் கட்டணம் எங்கே என்று தேடவேண்டும்.

இதுவரை சொன்னது கீக்கு அர்த்தம் இல்லாத பட்டியலுக்கு. அர்த்தம் இருந்தால் கதை தலைகீழ். நாளைக்கு நீ இதே ஊர்களைப் பின்கோடு வைத்து அடுக்கலாம்: 632001-க்கு வேலூர், 632007-க்கு காட்பாடி, 635802-க்கு ஆம்பூர், 632602-க்கு குடியாத்தம். இங்கே அரே_வேல்யூஸ் போட்டால் பின்கோடு எல்லாம் குப்பைக்குப் போய் 0, 1, 2 வந்து உட்காரும். ஸ்ப்ளைஸும் அதையே செய்யும், முதல் உறுப்பை எடுக்கிற அரே_ஷிஃப்ட்டும் அதையே செய்யும். பின்கோடை மேற்கோள்குறிக்குள் போட்டு '632001' என்று எழுதினாலும் பிஎச்பி அதை எண்ணாகவே மாற்றிக்கொள்ளும், எனவே தப்பிக்க வழி இல்லை. வேடிக்கை என்னவென்றால் எஸ்டிடி கோடை வைத்து '0416' என்று கீ கொடுத்திருந்தால் முன்னால் பூஜ்யம் இருப்பதால் அது ஸ்ட்ரிங்காகவே நிற்கும், ஷிஃப்ட் அதைத் தொடாது. இப்படிப்பட்ட அரேயில் அன்செட்தான் சரியான கருவி: அன்செட்($ஊர்கள்[635802]), முடிந்தது. அந்தக் கீ இல்லாவிட்டாலும் சத்தம் போடாது. நிறைய கீயை ஒரே அடியில் எடுக்க அரே_டிஃப்_கீ, நீக்கவேண்டிய பின்கோடுகளை அரே_ஃப்ளிப் போட்டு இரண்டாவதாகக் கொடு.

மதிப்பை நல் (மதிப்பே இல்லை என்பதற்கான பிஎச்பிச் சொல்) என்று வைப்பது நீக்குவது ஆகாது. கவுண்டில் அது இருக்கும், டிராப்டவுனில் ஒரு காலி வரி வரும்.

கடைசி உறுப்பை மட்டும் எடுக்க அரே_பாப், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. அன்செட்டால் கடைசியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மட்டும் எண் ஒன்று தாண்டிப்போகும் (7-ஐ எடுத்துவிட்டுச் சேர்த்தால் 8 வரும்), பாப் செய்திருந்தால் 7-ஏ வரும். ஆயிரக்கணக்கில் பார்சல்களை வரிசையில் வைத்து ஷிஃப்ட் பண்ணிப் பண்ணி எடுக்கிறாய் என்றால் ஒவ்வொரு தடவையும் மொத்த அரேக்கும் எண் ஒட்டுகிறது என்பதை ஞாபகம் வை, அதற்கு எஸ்பிஎல்கியூ என்று வரிசைக்கென்றே ஒரு கிளாஸ் இருக்கிறது. எட்டு ஊருக்கு வேகத்தைப் பற்றி யோசிப்பது வெட்டி வேலை.

ஒரு விஷயம், நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊர்கள் டேட்டாபேஸிலிருந்து வருகின்றன என்றால் எல்லாவற்றையும் இழுத்துவந்து பிஎச்பியில் கழிப்பதைவிட டேட்டாபேஸுக்கு அனுப்புகிற கொரியிலேயே மாவட்டத்தைக் கேட்டு வாங்கு. ஊருக்குப் பக்கத்தில் டேபிளில் மாவட்டம் என்று ஒரு நெடுவரிசை இருந்தால் நீக்கு பட்டியலே தேவையில்லை. இங்கே மாவட்டக் கோடு நகர்வது புதிதும் இல்லை, 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை போனது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின, ஒவ்வொரு தடவையும் புரோகிராமுக்குள் நுழைந்து அரேயை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. அதோடு, டிராப்டவுனுக்காகக் கழித்த அதே $ஊர்கள் அரேயை வைத்தே பழைய பில்லின் ஊர்ப் பெயரையும் காட்டுகிறாய் என்று உன் புரோகிராமைப் பார்த்தால் தெரிகிறது. பில்லில் ஊரின் எண்ணைத்தான் சேமித்திருக்கிறாய். வேல்யூஸ் போட்டபிறகு 1 என்பது காட்பாடி, ஆனால் பழைய பில்லில் 1 என்றால் ஆம்பூர். ஆகவே மேலே சொன்ன இரண்டு வரியில் விடையை $ஊர்களில் திருப்பி வைக்காதே, $காட்டவேண்டியவை என்று புது வேரியபிளில் வை, டிராப்டவுனில் ஆப்ஷனின் மதிப்பாக எண்ணுக்குப் பதில் ஊரின் பெயரையோ பின்கோடையோ கொடு, பழைய பில்கள் மூல அரேயையே பார்க்கட்டும். மாற்றிவிட்டு ஆம்பூருக்குப் போன பழைய பில் ஒன்றைத் திறந்து பார், ஆம்பூர் என்றே வந்தால் சர்வரில் ஏற்றலாம்.